நெளிவு முறுக்கம்

நெளிவு முறுக்கம் என்பது மெல்லிய தகடுகளால் ஆன, திறந்த குறுக்குவெட்டு கொண்ட ஓர் உத்தரம் முறுக்கப்படும்போது நிகழ்வது. முறுக்கத்தின்போது அதன் குறுக்குவெட்டு தட்டையாக இருக்காமல் முன்னும் பின்னுமாக நெளிய முயல்கிறது. அந்த நெளிவு ஏதேனும் ஓரிடத்தில் தடுக்கப்பட்டால், உத்தரத்தின் நீளவாக்கில் இழுவையும் அமுக்கமுமாகக் கூடுதல் தகைவுகள் தோன்றுகின்றன. ஐ வடிவ உத்தரம், சேனல், இசட் வடிவப் பர்லின் ஆகியவற்றில் இது முக்கியமானது. உருண்டைத் தண்டிலும் வட்டக் குழாயிலும் இது இல்லை. கெட்டியான கான்கிரீட் உத்தரத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவே உள்ளது.

கட்டடப் பொறியியல் மாணவர்கள் முறுக்கம் பற்றிப் பெரும்பாலும் உருண்டைத் தண்டை வைத்தே கற்கின்றனர். ஆனால் வேலைக்களத்தில் எதிர்ப்படுபவை அநேகமாகத் திறந்த வெட்டுகளே. மதுரை மாவட்டம் திருமங்கலத்தை ஒட்டியுள்ள கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களின் கொட்டகைகளை அண்ணாந்து பார்த்தால், தகரக் கூரையைத் தாங்குபவை பெரும்பாலும் வளைத்த தகட்டாலான சீ, இசட் வடிவப் பர்லின்கள். பாரந்தூக்கி ஓடும் கொட்டகைகளில் ஐ வடிவ உத்தரங்களும் இருக்கும். திருமங்கலம் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓடும் ஒவ்வொரு லாரியின் அடிச்சட்டமும் இரண்டு நீண்ட சேனல்களே. இவை எதற்கும் உருண்டைத் தண்டின் சூத்திரம் பொருந்தாது.

அட்டைக் குழாய்ச் சோதனை

துணிக்கடைகளில் துணிச்சுருள் சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்றை இரு கைகளாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார்த்தால், அது அசைந்து கொடுக்காது. அதே குழாயை நீளவாக்கில் ஒரு கோடாக அறுத்துவிட்டு மீண்டும் முறுக்கினால் எளிதில் திருகிக்கொள்ளும். அறுத்த வாயின் இரு ஓரங்களையும் கவனித்தால், ஓர் ஓரம் முன்னே வழுக்கிச் செல்வதும் மற்றொன்று பின்தங்குவதும் தெரியும். குழாயின் முனை இப்போது தட்டையாக இல்லை. திருகாணியின் புரியைப் போல ஒரு புறம் ஏறி நிற்கிறது. இந்த வழுக்கலே நெளிவு.

வலிமை எவ்வளவு குறைகிறது என்பது வியப்பூட்டுவது. மூடிய மெல்லிய குழாயின் முறுக்க விறைப்பு, பிளந்த குழாயின் விறைப்பைப் போல, ஆரத்தைத் தடிமனால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தை 3 ஆல் பெருக்கிய அளவு அதிகம். ஆரம் 25 மி.மீ., தடிமன் 2.5 மி.மீ. எனில் அது 300 மடங்கு. ஓர் அறுப்பு எடையில் ஒன்றையும் குறைக்கவில்லை. ஆனால் 300 பங்கில் 299 பங்கு விறைப்பு போய்விட்டது.

இப்போது பிளந்த குழாயின் ஒரு முனையை ஒரு மரப்பலகையில் நன்றாகப் பசையிட்டு ஒட்டி, காய்ந்தபின் மறுமுனையை முறுக்கினால், விறைப்பில் ஒரு பகுதி திரும்பி வந்திருப்பது கைக்குத் தெரியும். ஒட்டிய முனையில் ஓரங்கள் வழுக்க முடியாது. நெளிவு தடைப்பட்டதால் பொருள் நீளவாக்கில் இழுபட்டும் அமுங்கியும் எதிர்ப்புக் காட்டுகிறது. குழாய் நீளமாக இருந்தால் இந்த ஆதாயம் ஒட்டிய முனையின் அருகிலேயே நின்றுவிடும். குட்டையாக இருந்தால் முழு நீளத்திலும் உணரப்படும்.

ஐ வடிவ உத்தரத்தில் நடப்பது

ஐ வடிவ உத்தரத்தில் மேலும் கீழும் கிடைமட்டமாக இருக்கும் தகடுகளைத் தொழிலாளர்கள் ஃபிளாஞ்சு என்றும், அவற்றை இணைக்கும் செங்குத்துத் தகட்டை வெப் என்றும் சொல்வார்கள். ஒரு முனை சுவரோடு இறுகப் பிணைக்கப்பட்டு, மறுமுனை முறுக்கப்படுவதாகக் கொள்ளலாம். முனை திரும்பும்போது மேல் ஃபிளாஞ்சு வலப்புறம் நகர்கிறது; கீழ் ஃபிளாஞ்சு இடப்புறம் நகர்கிறது. சுவரில் இரண்டும் நகரவும் திரும்பவும் முடியாதவை. ஆகவே ஒவ்வொரு ஃபிளாஞ்சும் படுக்கவைத்த தனி உத்தரம்போல, ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் வளைகிறது.

வளையும் தகட்டின் ஓர் ஓரம் இழுபடும், மறு ஓரம் அமுங்கும். இரு ஃபிளாஞ்சுகளும் எதிரெதிராக வளைவதால், ஐ வடிவத்தின் நான்கு நுனிகளில் மூலைக்கு மூலையாக இரண்டில் இழுவையும், மற்ற இரண்டில் அமுக்கமும் இருக்கும். இந்த நான்கையும் கூட்டினால் மொத்த விசை சுழி. கிடை அச்சைப் பற்றிய திருப்புத்திறனும் சுழி, செங்குத்து அச்சைப் பற்றியதும் சுழி. நிலையியலின் சமன்பாடுகளை எவ்வளவு எழுதினாலும் இந்தத் தகைவுகள் அகப்படமாட்டா. பாடம் படித்தவர்களுக்கும் இது புலப்படாமல் போவதற்குக் காரணம் இதுதான். இவ்வாறு எதிரெதிராக நிற்கும் இரு வளைவுத் திருப்புத்திறன்களின் இணைக்கு இரட்டைத் திருப்புத்திறன் என்று பெயர். ஒரு ஃபிளாஞ்சில் உள்ள திருப்புத்திறனை ஃபிளாஞ்சுகளுக்கு இடைப்பட்ட உயரத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். எனவே அதன் அலகு கிலோநியூட்டன்-சதுர மீட்டர்.

ஆக, முறுக்குவிசையை உத்தரம் இரு வழிகளில் தாங்குகிறது. ஒன்று, தகடுகளின் தடிமனுக்குள் சுற்றிவரும் நறுக்குத் தகைவால். இதற்குச் சீர் முறுக்கம் அல்லது செயின்ட் வெனன்ட் முறுக்கம் என்று பெயர். மற்றொன்று ஃபிளாஞ்சுகள் எதிரெதிராக வளைவதால். இதுவே நெளிவு முறுக்கம். முதலாவதன் விறைப்பு முறுக்க மாறிலியைச் சார்ந்தது. தகட்டின் தடிமனுடைய கனத்துக்கு ஏற்ப மாறுவது. இரண்டாவதன் விறைப்பு நெளிவு மாறிலியைச் சார்ந்தது; சமச்சீரான ஐ வடிவத்துக்கு அது, செங்குத்து அச்சைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறனை ஃபிளாஞ்சுகளின் மைய இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி 4 ஆல் வகுத்த தொகை. தகடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்கும் எல் வடிவக் கோணத்திலும் டீ வடிவத்திலும் நெளிவு மாறிலி ஏறத்தாழச் சுழியே.

ஓர் எண்கணக்கு

ஐஎஸ்எம்பி 300 என்பது இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் உருட்டு உத்தரம். பழைய அட்டவணைகளின்படி அதன் உயரம் 300 மி.மீ., ஃபிளாஞ்சு அகலம் 140 மி.மீ., ஃபிளாஞ்சு தடிமன் 12.4 மி.மீ., வெப் தடிமன் 7.5 மி.மீ., எடை மீட்டருக்கு 44.2 கிலோகிராம். இதிலிருந்து 2 மீட்டர் நீளமுள்ள ஒரு துருத்து உத்தரம் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதாகவும், அதன் நுனியில் 10 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒரு டன் சுமை தொங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். சுமை வெப்பின் நேர் கீழே இல்லாமல் 5 சென்டிமீட்டர் விலகித் தொங்குகிறது. கொக்கியை ஃபிளாஞ்சின் ஓரமாக மாட்டினாலே இவ்வளவு விலகல் வந்துவிடும்.

சாதாரண வளைவினால் சுவரருகே உண்டாகும் திருப்புத்திறன் 20 கிலோநியூட்டன்-மீட்டர். அதனால் தோன்றும் தகைவு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 35 நியூட்டன். இது மிகக் குறைவு, யாரும் கவலைப்படமாட்டார்கள். முறுக்குவிசையோ வெறும் 0.5 கிலோநியூட்டன்-மீட்டர். பார்வைக்கு அற்பம்.

முறுக்க மாறிலியைத் தகடுதகடாகக் கூட்டினால் சுமார் 21.7 செ.மீ.-இன் நான்காம் அடுக்கு வருகிறது. சீர் முறுக்கத்தை மட்டும் எண்ணினால் நுனி சுமார் 3.4 பாகை திரும்பும். நெளிவுத் தடையையும் சேர்த்தால் திருப்பம் சுமார் 1.7 பாகையாகப் பாதிக்குப் பாதி குறைகிறது. இது நல்ல செய்தி. கெட்ட செய்தி தகைவில் இருக்கிறது. சுவரருகே இரட்டைத் திருப்புத்திறன் சுமார் 0.51 கிலோநியூட்டன்-சதுர மீட்டர். அதனால் ஃபிளாஞ்சு நுனிகளில் தோன்றும் தகைவு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 54 நியூட்டன். வளைவினால் வரும் 35-ஐ விட இது அதிகம். இரண்டும் ஒரே நுனியில் சேரும்போது 89 ஆகிறது. ஐந்து சென்டிமீட்டர் விலகல், தகைவை இரண்டரை மடங்காக்கிவிட்டது.

இந்தக் கணக்கில் அடிப்படையானது ஒரு நீளம். நெளிவு விறைப்பைச் சீர் முறுக்க விறைப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். மேற்சொன்ன உத்தரத்துக்கு 1.06 மீட்டர். தடை உள்ள இடத்திலிருந்து விலக விலக, நெளிவின் ஆதிக்கம் எவ்வளவு தூரத்தில் தேயும் என்பதை இந்நீளம் சொல்கிறது. சுவரில் முழு முறுக்குவிசையையும் ஃபிளாஞ்சுகளே தாங்குகின்றன. நுனிக்கு வரும்போது அவற்றின் பங்கு 30 விழுக்காடாகக் குறைந்து, மீதியைச் சீர் முறுக்கம் ஏற்கிறது. உத்தரம் இந்நீளத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீண்டிருந்தால் நெளிவு முனையருகே மட்டும் நிற்கும் ஒரு விளைவாகிவிடும். வடிவம் மாறாமல் தகட்டின் தடிமன் மட்டும் பாதியானால் இந்நீளம் இருமடங்காகும். பர்லின்போன்ற மெல்லிய வெட்டுகளில் நெளிவே முதன்மை பெறுவது அதனால்தான்.

கணக்கைச் சுருக்க விரும்பும் வடிவமைப்பாளர்கள் முறுக்குவிசையை உயரத்தால் வகுத்து, வரும் விசையை இரு ஃபிளாஞ்சுகளிலும் எதிரெதிராகச் செலுத்தி, அவற்றைத் தனி உத்தரங்களாகக் கணிப்பார்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இம்முறை ஃபிளாஞ்சுத் தகைவை ஏறத்தாழ இருமடங்காகக் காட்டும். பாதுகாப்பான பக்கம் தவறுவதால் குறுகிய உத்தரங்களுக்கு இது ஏற்கத்தக்கதே. நீண்ட உத்தரத்துக்கு இரும்பை வீணாக்கும்.

நறுக்கு மையம்

சுமையை நேராகத்தான் வைத்தேன், பின் ஏன் சேனல் திரும்புகிறது என்ற கேள்வி பட்டறைகளில் எழுவதுண்டு. சுமை எந்தப் புள்ளி வழியாகச் சென்றால் உத்தரம் முறுகாமல் வளைய மட்டும் செய்யுமோ, அதுவே நறுக்கு மையம். ஐ வடிவத்தில் அது எடை மையத்தோடு ஒன்றிவிடுகிறது. சேனலில் அப்படியில்லை, அது வெப்பின் முதுகுப்பக்கம், இரும்பே இல்லாத வெற்றிடத்தில் இருக்கிறது. ஐஎஸ்எம்சி 200 சேனலில் எடை மையத்துக்கும் நறுக்கு மையத்துக்கும் இடையே ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர் விலகல் உண்டு. மேலே கணக்கிட்ட விலகலும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, சேனலின் சொந்த எடையே அதை முறுக்குகிறது. ஃபிளாஞ்சின் நடுவில் சுமை வைப்பது கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும் முறுக்கத்தைக் கூட்டவே செய்யும்.

இரண்டு சேனல்களை முகத்துக்கு முகம் வைத்துப் பற்றவைத்துப் பெட்டியாக்கினால் சிக்கல் தீர்ந்துவிடும். ஐஎஸ்எம்பி 300-இன் எடைக்கு நிகரான, 200 மி.மீ. பக்கமும் 7 மி.மீ. தடிமனும் கொண்ட சதுரக் குழாயின் முறுக்க மாறிலி, அந்த ஐ வடிவத்தைப் போல 230 மடங்குக்கு மேல். சுற்றிலும் தடிமன் ஒன்றாக உள்ள சதுரக் குழாய் நெளிவதும் இல்லை. சென்னை மெட்ரோவின் முதல் கட்ட உயர்பாதை பெட்டி வடிவக் கான்கிரீட் துண்டுகளால் கோக்கப்பட்டதற்கு முறுக்க விறைப்பும் ஒரு காரணம். இரு தடங்களில் ஒன்றில் மட்டும் ரயில் ஓடும்போது பாலம் முறுக்கப்படுகிறது.

கண்டறிந்த வரலாறு

முறுக்கத்தின்போது குறுக்குவெட்டு நெளியும் என்பதைத் தெளிவாக நிறுவியவர் பிரான்சின் செயின்ட் வெனன்ட். 1853-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அவர் அளித்த ஆய்வுரை, நெளிவு தடையின்றி நடக்கும் நிலையை முழுமையாகத் தீர்த்தது. தடை இருந்தால் என்னவாகும் என்பதை ஐ வடிவ உத்தரத்துக்கு 1905-இல் ஆராய்ந்தவர் திமோஷென்கோ. மாணவர்கள் இன்றும் கையில் வைத்திருக்கும் பொருள் வலிமைப் பாடநூல்களின் ஆசிரியர் அவரே. செருமனியில் கார்ல் பாக், சேனல்களை எடை மையத்தில் சுமையேற்றிச் சோதித்தபோது, பாடநூல் சொன்ன தகைவும் அளந்த தகைவும் ஒத்துப்போகவில்லை. அந்தப் புதிருக்கு 1921-இல் நறுக்கு மையம் என்னும் கருத்தால் விடை கூறியவர் சுவிட்சர்லாந்தின் இராபர்ட் மயார். கான்கிரீட் பாலங்களின் அழகுக்காகவே பெரிதும் அறியப்பட்டவர். விமானக் கட்டமைப்புகளுக்காக எர்பர்ட் வாக்னர் 1929-இல் திறந்த வெட்டுகளின் முறுக்கத்தை விரித்தார். இவை அனைத்தையும் ஒரே கோட்பாடாகத் தொகுத்து, இரட்டைத் திருப்புத்திறனை ஓர் அடிப்படைக் கணியமாக நிறுவியது உருசியாவின் விளாசோவ் 1940-இல் வெளியிட்ட நூல். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1961-இல்தான் வந்தது.

லாரி அடிச்சட்டம்

நெளிவு முறுக்கத்தை வேண்டாத ஒன்றாகக் கருதாமல், அதோடு ஒத்துப்போகும்படி செய்யப்பட்ட அமைப்பு லாரியின் அடிச்சட்டம். இரண்டு நீண்ட சேனல்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஏணிபோல இருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஏணி முழுதும் முறுகிக்கொடுத்தால்தான் மற்ற மூன்று மூலைகளும் தரையோடு ஒட்டியிருக்கும். பெட்டியாக்கினால் விறைப்பாகத்தான் இருக்கும்; ஆனால் மோசமான சாலையில் அந்த விறைப்பே சக்கரங்களின் சுமையைச் சமமின்றிப் பிரிக்கும். எனவே திறந்த சேனல் இங்கே தெரிந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

சிக்கல் வருவது இணைப்புகளில். குறுக்குச் சட்டத்தை வெப்பில் மட்டும் இணைத்தால் சேனலின் ஃபிளாஞ்சுகள் ஓரளவு தாராளமாக நெளிய முடியும். மேல், கீழ் ஃபிளாஞ்சுகளிலும் சேர்த்து இணைத்தால் நெளிவு அங்கே தடைப்பட்டு, சட்டம் விறைப்பாகும். தகைவும் அங்கேயே குவியும். ஏறி இறங்கும் தகைவு ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும்போது, மிக அதிகத் தகைவுள்ள ஃபிளாஞ்சு ஓரத்தில் இருக்கும் ஒரு துளையோ பற்றவைப்புத் தடமோ விரிசலுக்கு வாயாகிவிடும். ஃபிளாஞ்சில் துளையிடாதீர்கள், பற்றவைக்காதீர்கள் என்று வாகன உற்பத்தியாளர்கள் பாடி கட்டுவோருக்கு அறிவுறுத்துவதன் பின்னணி இதுவே. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் பாடி கட்டிப் பழகியவர்களுக்கு இரட்டைத் திருப்புத்திறன் என்ற சொல் தெரியாமலிருக்கலாம். விரிசல் எங்கே தொடங்கும் என்று கேட்டால் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள்.

சேனலின் ஒரு பகுதியை மட்டும் தகடடித்துப் பெட்டியாக்கிப் பலப்படுத்துவதும் இதே வகையில் ஏமாற்றக்கூடியது. பெட்டி நெளியாது, அடுத்துள்ள சேனல் நெளியும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் தகைவு திடீரென உயரும். விரிசல் பழைய இடத்தை விட்டுச் சில அங்குலம் தள்ளிப் பிறக்கும்.

கூரைப் பர்லின்கள்

சரிந்த கூரையில் நிற்கும் பர்லின்மீது எடை செங்குத்தாக இறங்குகிறது. பர்லினோ சாய்ந்து நிற்கிறது. நறுக்கு மையத்தின் வழியே சுமை செல்வது அபூர்வம். மேலே திருகப்பட்ட தகரம் மேல் ஃபிளாஞ்சைப் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலான நாட்களில் முறுக்கம் கட்டுக்குள் இருக்கும். ஆடிக் காற்றில் கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படும்போது நிலைமை தலைகீழாகிறது: அமுங்கும் ஃபிளாஞ்சு இப்போது கீழே இருக்கிறது, அதைப் பிடிக்க எதுவும் இல்லை. பர்லின்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய இழுகம்பிகள் இருக்கும் இடமும் எண்ணிக்கையும் அப்போதுதான் முக்கியமாகின்றன. கட்டுமானத்தின்போது, தகரம் போடுவதற்கு முன், பர்லின்மேல் ஆள் ஏறி நடப்பது இன்னும் ஆபத்தானது. அப்போது மேல் ஃபிளாஞ்சுக்கும் பிடிப்பு கிடையாது.

விதிநூலும் மென்பொருளும்

எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 800:2007-இல் நெளிவு மாறிலி, உத்தரம் பக்கவாட்டில் முறுகிச் சாய்வதற்கான மாறுநிலைத் திருப்புத்திறனின் சூத்திரத்தில் இடம்பெறுகிறது. அதன்படி, 4 மீட்டர் நீளத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பில்லாத ஐஎஸ்எம்பி 300-க்கு அத்திருப்புத்திறன் சுமார் 126 கிலோநியூட்டன்-மீட்டர். நெளிவுப் பங்கை விட்டுவிட்டால் சுமார் 97 தான். நீளம் குறையக் குறைய நெளிவின் பங்கு விரைவாக உயரும். 2 மீட்டரில் அது சீர் முறுக்கப் பங்கைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இங்கே நெளிவு, உத்தரத்தின் நண்பன்.

கான்கிரீட் உத்தரங்களுக்கு ஐ.எஸ். 456:2000 வேறு வழியில் செல்கிறது. வீட்டு முகப்பில் சன்ஷேடு தாங்கும் உத்தரம் முறுக்கப்படும். முறுக்குவிசையை உத்தரத்தின் அகலத்தால் வகுத்து 1.6 ஆல் பெருக்கி, அதைச் சமான நறுக்குவிசையாகக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. நெளிவு பற்றிய பேச்சே இல்லை. கெட்டியான செவ்வகத்துக்கு அது தேவையும் இல்லை.

பரவலாகப் பயன்படும் சட்டகப் பகுப்பாய்வு மென்பொருள்களில் உத்தரத்தின் ஒவ்வொரு முனைக்கும் ஆறு நகர்வுகளே உண்டு: மூன்று திசைகளில் பெயர்ச்சி, மூன்று அச்சுகளில் திருப்பம். நெளிவுக்கு ஏழாவதாக ஒன்று வேண்டும். அது பெரும்பாலும் இருப்பதில்லை. மேற்கண்ட துருத்து உத்தரத்தை அத்தகைய மென்பொருளில் கொடுத்தால், திருப்பத்தை 3.4 பாகை என்று மிகைப்படுத்திக் காட்டும். ஃபிளாஞ்சு நுனியின் 54 நியூட்டனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. திருப்பத்தைக் கண்டு பயந்து உத்தரத்தைப் பெரிதாக்குவோர் தற்செயலாகத் தப்பிவிடுகிறார்கள். திருப்பத்தைப் பார்க்காமல் தகைவு விகிதத்தை மட்டும் பார்ப்போருக்கு எச்சரிக்கையே கிடைப்பதில்லை.

முனையின் பிணைப்பு எந்த வகை என்பதைத் தீர்மானிப்பதிலும் கவனம் தேவை. வெப்பில் மட்டும் கோணத்துண்டு வைத்துப் போல்ட் போட்ட முனையில் உத்தரம் முறுகாது; ஆனால் ஃபிளாஞ்சுகள் தாராளமாக நெளியும். முனையில் ஒரு தகட்டைப் பற்றவைத்தாலே நெளிவு முழுதும் தடைபடும் என்று எண்ணுவதும் சரியல்ல. தகடு மெல்லியதாக இருந்தால் அதுவும் சேர்ந்து திருகும். வெப்புக்குக் குறுக்கே நிறுத்தும் சாதாரண விறைப்புத் தகடும் இதில் அதிகம் உதவாது. உண்மையாகத் தடுக்க வேண்டுமானால், இரு ஃபிளாஞ்சுகளின் ஓரங்களையும் இணைத்து, உத்தரத்தின் நீளத்தில் சிறிது தூரத்துக்குப் பக்கத் தகடுகளை அடைத்துப் பெட்டியாக்க வேண்டும். பெட்டி முறுகுவதற்கு மறுப்பதால், அதனோடு சேர்ந்த ஃபிளாஞ்சுகள் எதிரெதிராகத் திரும்ப முடியாமல் போகின்றன.